பாலாறு: தோலின் விலையில் சேராத செலவு

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு பகுதிகளில் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு வாழ்வளித்து வருவது தோல் தொழில். நாட்டுக்கு அந்நியச் செலாவணியும் அதனால் கிடைக்கிறது. ஆனால், ஒரு கிலோ தோலைப் பதனிடச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. உப்பும் இரசாயனங்களும் கலந்த கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் வெளியேற்றப்பட்டதால் கிணறுகள் கெட்டன. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதிக்கப்பட்டதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. இந்த இழப்பு தோலின் விலையில் சேரவில்லை. விவசாயியின் தலையில் விழுந்தது.

தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974லேயே வந்துவிட்டது. ஆனால் முறையாக அமல்படுத்தப்படவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. வழக்குக்கு உட்பட்ட ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாத ஆலைகளை மூடவும் உத்தரவிட்டது.

வாங்குபவரும் விற்பவரும் திருப்தியடைந்தால் சந்தையின் வேலை முடிந்துவிடும். அந்தப் பேரத்தில் இடம்பெறாத கிணற்றுக்காரருக்குச் சட்டம்தான் பாதுகாப்பு. அதுவும் அமல்படுத்தப்பட்டால் மட்டுமே. நம் மக்கள் அதிகம் ஈடுபட்டுள்ள தொழில் என்பதால், பிறருக்குத் தீங்கில்லாத சம்பாத்தியம் பற்றி நாம்தான் முதலில் பேச வேண்டும்.