நிரந்தர முகவரி எது? பயனர் சோதனை: ஓர் அறிமுகம்

இணையத்தளத்தையோ செயலியையோ வெளியிடுமுன், அதைப் பயன்படுத்தப்போகும் மக்களிடமே கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று அவதானிப்பதே பயனர் சோதனை.

இதன் தேவையை விளக்க நான் சம்பூரையே உதாரணமாகச் சொல்வேன். திருகோணமலை கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள அந்த ஊர் மக்கள் 2006 இல் இடம்பெயர்ந்தார்கள். காணிகள் விடுவிக்கப்படத் தொடங்கியது 2015 இல்தான். இடையில் முகாமில் இருந்தவரிடம் ஓர் இணையப் படிவம் "நிரந்தர முகவரி" கேட்டால் எதை எழுதுவார்? ஊரையா, முகாமையா? கொழும்பிலிருந்து படிவம் வடிவமைப்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது. கட்டம் வெறுமையாக இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

சோதனைக்குப் பெருஞ்செலவில்லை. ஐந்து பேரிடம் சோதித்தால் ஏறத்தாழ 85 சதவீதக் குறைகள் தெரியவரும் என்று 2000 இல் யாக்கோப் நீல்சன் எழுதினார். மீனவர், முதியோர் என வேறுபட்ட பிரிவினர் இருந்தால், ஒவ்வொரு பிரிவிலும் மூவரையாவது சேர்க்கவேண்டும்.

ஒரு வேலையைக் கொடுங்கள். நினைப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இடையில் உதவாமல் பாருங்கள்.

விசாரணைகளைக் கண்ட நம் மக்களுக்கு, குறிப்பெடுப்பவர் முன் அச்சம் வரும். ஆகவே பெயரை எழுதாதீர்கள். ஒலிப்பதிவுக்கு அனுமதி கேளுங்கள். "சோதிப்பது படிவத்தை, உங்களையல்ல" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.