மானும் ஈயக் குண்டும்

திருமலைக்குப் படியேறிச் செல்லும் நேயர்கள் வழியில் புள்ளிமான்களைக் கண்டு மகிழ்ந்திருப்பீர்கள். அம்மலைக் காடுகளில் வேட்டைத் துப்பாக்கி முழங்கிய காலமும் உண்டு. சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. ரேணிகுண்டாவை அடுத்த மாமண்டூர்க் காட்டைப் பற்றி வேட்டையாளர் கென்னத் ஆண்டர்சன் தம் நூலில் எழுதியுள்ளார். அவர் ஏந்தியது .405 வின்செஸ்டர் துப்பாக்கி.

எந்தக் குண்டைத் தேர்வது என்பதே அன்றைய வேட்டையாளரின் முதற் கேள்வி. முழுதும் உலோக உறையிட்ட குண்டு சிறு துளையிட்டு மறுபுறம் சென்றுவிடும்; காயமுற்ற மான் புதருள் ஓடி, நெடுநேரம் துடித்து மடியும். நுனியில் ஈயம் வெளித்தெரியும் குண்டோ, உடலினுள் காளான்போல் விரிந்து விரைவில் உயிரை முடிக்கும். புள்ளிமானுக்கு இலேசான குண்டு போதும். 200 கிலோவையும் விஞ்சும் கடமானுக்குச் சிதறாது ஆழப் பாயும் கனத்த குண்டு வேண்டும்.

கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் 1890களில் படைக்கென உருவானதும் இத்தகைய விரியும் குண்டே. 1899இல் ஹேக் மாநாடு அதனைப் போரில் விலக்கிற்று. மனிதனுக்குக் கொடுமையெனத் தள்ளப்பட்டது மானுக்குக் கருணையாயிற்று! போரில் பகைவனைச் செயலிழக்கச் செய்தால் போதும். வேட்டையில் கொலையே நோக்கம். ஆகவே அங்கு விரைவு ஒன்றே இரக்கம்.

அந்த இரக்கமும் போதாதென நாடு உணர்ந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1989இல் அம்மலைக் காடு ஸ்ரீ வெங்கடேசுவரா தேசியப் பூங்காவாயிற்று. 1991இன் சட்டத் திருத்தம் பொழுதுபோக்கு வேட்டைக்கு முடிவு கட்டிற்று. எந்தக் குண்டு நல்லது என்னும் பழைய கேள்வியும் அத்துடன் ஓய்ந்தது.