வெளிநாட்டுப் பயண மருத்துவச் செலவு

வெளிநாடு புறப்படுகிறவர் அதற்கு முன் போட்டுக்கொள்ளும் தடுப்பூசிகள், மருத்துவர் ஆலோசனை, விசாவுக்கான உடற்பரிசோதனை ஆகியவற்றுக்கு ஆகும் பணமே பயண மருத்துவச் செலவு. விமான டிக்கெட், விசா, தங்குமிடம் என்று கணக்குப் போட்டு வைக்கிறவர்களுக்கும் பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் இது நினைவுக்கு வருகிறது. மருத்துவக் காப்பீடும் கைகொடுப்பதில்லை. இந்தியாவின் வழக்கமான பாலிசிகளில் தடுப்பூசி விலக்குப் பட்டியலில் இருக்கும்; நாய் கடித்த பின் போடும் ஊசி போன்றவற்றுக்கே விதிவிலக்கு.

இந்தச் செலவு யாருடையது என்பதற்குப் பன்னாட்டுச் சட்டம் ஓர் எல்லைக்கோடு போட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குவிதிகள் 2005இல் ஏற்கப்பட்டு 2007இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் 40ஆவது பிரிவின்படி, வந்திறங்கிய பயணியை அந்நாட்டு அரசு பொதுச் சுகாதாரத்துக்காகப் பரிசோதித்தாலோ தனிமைப்படுத்தினாலோ அவரிடம் கட்டணம் கேட்கக் கூடாது. முன்கூட்டி அறிவிக்காத தடுப்பூசியை, அல்லது அறிவித்துப் பத்து நாள்கூட ஆகாத தடுப்பூசியை, விமான நிலையத்தில் போட்டால் அதற்கும் காசு வாங்கக் கூடாது. முறையாக அறிவித்த தடுப்பூசி இந்தப் பாதுகாப்பில் வராது. தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ குடியிருக்கப் போகிறவர்களும் இதில் சேர மாட்டார்கள். வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்களின் விசா பரிசோதனைச் செலவு அவர்கள் தலையிலேயே விழுவதற்கு இந்த விலக்கு இடம் கொடுக்கிறது.

அறிவிக்கப்பட்ட தடுப்பூசிகளில் முதன்மையானது மஞ்சள் காய்ச்சலுக்கானது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் நோய் பரவும் நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு இது தேவைப்படுகிறது. அங்கிருந்து திரும்புகிறவர்களிடம் இந்திய அரசு சான்றிதழைக் கேட்கிறது. நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு இந்தியா முழுக்க இருக்கிறது, நோய் மட்டும் இன்னும் வரவில்லை. அதனால் கண்டிப்பு அதிகம். சான்றிதழ் இல்லாமல் வருகிறவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம்.

தமிழ்நாட்டில் சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையமும், சென்னை, தூத்துக்குடி துறைமுகச் சுகாதார அலுவலகங்களும் இந்த ஊசியைப் போடும் அரசு மையங்கள். இங்கே கட்டணம் நெடுங்காலமாக 300 ரூபாய் அளவில்தான் இருந்துவந்திருக்கிறது. அமெரிக்காவில் இதே ஊசிக்கு 150 டாலருக்கு மேல் ஆவது சாதாரணம். ஆனால் செலவு ஊசியோடு முடிவதில்லை. ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். தூளைக் கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க முடியாது. மருந்து வீணாகாமலிருக்க மையங்கள் குறிப்பிட்ட நாள்களில் மட்டும், முன்பதிவு செய்தவர்களை ஒன்றாக வரவழைத்துப் போடுகின்றன. வெளியூர்க்காரருக்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் ஊசியின் விலையைத் தாண்டிவிடும். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் மஞ்சள் நிறச் சான்றிதழ் செல்லும் என்பதால் அவசரப் பயணம் தள்ளிப்போவதும் உண்டு. ஆறுதலான செய்தி ஒன்று: 2016 ஜூலை 11 முதல் இந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லுபடியாகிறது. முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது.

அரசு எதற்குப் பணம் போடும் என்பதை பிரிட்டன் தெளிவாகக் காட்டுகிறது. டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, காலரா, போலியோ தடுப்பூசிகள் அந்நாட்டுத் தேசியச் சுகாதாரச் சேவையில் பயணிகளுக்கு இலவசம். பயணி இவற்றைத் தொற்றிக்கொண்டு திரும்பினால் ஊருக்கே ஆபத்து என்பது காரணம். ரேபிஸ், ஜப்பானிய மூளைக்காய்ச்சல், மஞ்சள் காய்ச்சல் ஊசிகளுக்குப் பயணியே பணம் கட்ட வேண்டும். ஹஜ் பயணத்துக்கு சவூதி அரேபியா மெனிஞ்சைடிஸ் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியுள்ளது. ஹஜ் கமிட்டி வழியாகச் செல்லும் இந்தியர்களுக்கு அரசே அதைப் போட்டு அனுப்புகிறது.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவரின் நிலைதான் மிகக் கடினமானது. ‘காம்கா மெடிக்கல்’ என்று ஊரில் இன்றும் சொல்லப்படும் பரிசோதனை இப்போது ‘வாஃபித்’ இணையதளம் வழியாக நடக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மட்டுமே ரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். என்றோ குணமான காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலும் ‘அன்ஃபிட்’ என்று வந்துவிடலாம். அப்போது வேலையும் போய், கட்டிய பணமும் போய்விடும். பரிசோதனை அறிக்கைக்குக் காலக்கெடு உண்டு. விசா தாமதமானால் மறுபடி முதலிலிருந்து செலவு செய்ய வேண்டும். கடன் வாங்கிப் புறப்படுகிற குடும்பத்துக்கு இது சிறிய தொகை அல்ல.

இந்தச் சுமை தொழிலாளிக்குரியதல்ல என்பதில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உறுதியாக இருக்கிறது. 2018இல் அதன் நிபுணர் கூட்டம் வகுத்த, 2019இல் நிர்வாகக் குழு ஒப்புதல் அளித்த வரையறை, மருத்துவப் பரிசோதனையையும் தடுப்பூசியையும் ஆள்சேர்ப்புச் செலவில் சேர்க்கிறது. அந்தச் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்பது அதன் கொள்கை. கப்பல் மாலுமிகளுக்கோ 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சட்டக் கட்டாயமுள்ள காப்பைத் தருகிறது. சட்டப்படியான மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவை மட்டும் மாலுமி ஏற்கலாம். விசா செலவு கப்பல் உரிமையாளருடையது. இந்தியா 2015இல் இந்த உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்தது. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வளைகுடா போகிறவர்களுக்கு அத்தகைய கட்டாயச் சட்டம் இல்லை. மேற்சொன்ன வரையறை வழிகாட்டுதலாகவே இருப்பதால், மெடிக்கல் பணத்தை முதலாளி தர வேண்டும் என்பதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டியிருக்கிறது.