கவலைப் பறியும் அதனைக் காத்த கைகளும்

கொங்கு நாட்டின் வேளாண்மை பெரும்பாலும் கிணற்று வேளாண்மை என்பது யாவரும் அறிந்ததே. காவிரி, பவானி, அமராவதி ஆகிய ஆறுகளின் வாய்க்கால் பாய்ந்த நிலம் போக, எஞ்சிய மேட்டுக் காடுகள் எல்லாம் மழையையும் கிணற்றையும் நம்பியே விளைந்தன. பாறையை உடைத்துக் கிணறு வெட்டிய உழவர்களின் விடாமுயற்சியைப் பற்றி நிரம்ப எழுதப்பட்டிருக்கிறது. காங்கேயம் காளையின் வலிமையைப் பற்றியும் எழுதப்பட்டிருக்கிறது. ஆயின், அந்தக் கிணற்றுக்கும் அந்தக் காளைக்கும் இடையே வடக்கயிற்றில் தொங்கிய தோற்பையைப் பற்றிப் பேசுவோர் அரியர். தண்ணீரை மேலே கொண்டுவந்தது அந்தப் பைதான். அதனைச் செய்தவர்களும், கிழிந்தபோது தைத்தவர்களும், எண்ணெய் ஊட்டிக் காத்தவர்களும் நம் முன்னோர். மின்மோட்டார் ஓடும் காலத்தில் பிறந்த நம் இளைஞர்கள் அந்தப் பையைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். ஆகவே அதன் அமைப்பிலிருந்தே தொடங்குவோம்.

தென்மாவட்டங்களில் கமலை என்றும் கொங்கில் கவலை என்றும் வழங்கிய இறைவை அது. தண்ணீர் முகக்கும் பையைப் பறி என்றும், சால் என்றும், கூனை என்றும் ஊருக்கு ஓர் பெயரால் அழைத்தார்கள். பையின் அடியில் நீண்டு தொங்கும் தோற்குழாய்க்கு வால் என்றும் தும்பி என்றும் பெயர். முற்காலத்தில் பை முழுவதும் தோலே; பின்னாளில் மேற்பகுதி இரும்புத் தகடாக மாறி, வால் மட்டும் தோலாக நின்றது. பறியின் வாயில் தடித்த வடக்கயிறும், வாலின் நுனியில் மெல்லிய வால்கயிறும் கட்டப்பட்டிருக்கும். இரண்டையும் ஒருங்கே காளைகளின் நுகத்தடியில் பிணைத்திருப்பார்கள். காளைகள் சரிவில் இறங்க இறங்கப் பறி மேலேறும். அவ்வாறு ஏறும்போது வால் மடங்கி மேல்நோக்கி நிற்பதால் தண்ணீர் சிந்தாது. பறி கிணற்றின் விளிம்பை அடைந்ததும், வால்கயிறு கீழ் உருளையின் வழியாக வாலைத் தொட்டியின் பக்கம் இழுத்து நீட்ட, தண்ணீர் தானே கொட்டிவிடும். பையைக் கவிழ்ப்பதற்கு இன்னோர் ஆள் வேண்டுவதில்லை. ஓர் ஆளும் ஒரு சோடிக் காளையும் கொண்டு ஒரு தோட்டத்தை நனைக்க முடிந்ததற்கு மடங்கி நிமிரும் அந்தத் தோல்வாலே காரணம். இரும்பு மடங்காது, துணி ஒழுகும். ஆகவே தகட்டுச் சால் வந்த பின்பும் வாலைத் தோலிலிருந்து மாற்ற முடியவில்லை.

நூறு லிட்டர் தண்ணீர் என்பது நூறு கிலோ எடை. அந்த எடையைத் தாங்கிக்கொண்டு, பாறைச் சுவரில் உரசி, நீரில் மூழ்கி, வெயிலில் காய்ந்து, மீண்டும் மூழ்கி, ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை ஏறி இறங்கும் பொருள் எத்தகைய உறுதி உடையதாக இருக்க வேண்டும்! பச்சைத் தோல் தண்ணீரில் கிடந்தால் சில நாட்களில் அழுகிவிடும். அதனை அழுகாத பொருளாக மாற்றுவதுதான் பதனிடுதல். தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இட்டு மயிரையும் உட்புறத்து ஊனையும் நீக்கி, சுண்ணாம்பு போகக் கழுவி, ஆவாரம்பட்டைச் சாற்றில் நாட்கணக்காக ஊறப்போட வேண்டும். பட்டையின் துவர்ப்புச் சத்து தோலின் நார்களோடு பிணைந்து அவற்றைக் காக்கிறது. கடுக்காயும் சேர்ப்பதுண்டு. சாறு எந்த அளவு ஏறியிருக்கிறது என்பதைத் தோலின் ஓரத்தை வெட்டி, வெட்டுவாயின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். இன்று வேதியியல் கூடத்தில் கற்பிக்கப்படும் பாடம் இது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள் இதனைக் கண்ணாலும் மூக்காலும் விரலாலும் கற்றுத் தம் மக்களுக்குக் கற்பித்தார்கள்.

செய்வது ஒரு வேலை என்றால், காப்பது அதனினும் பெரிய வேலை. பட்டையால் பதனிட்ட தோலுக்கு ஒரு குறை உண்டு. நாள்தோறும் நீரில் கிடந்தால் அதன் துவர்ப்புச் சத்து சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறும். ஈரம் காய்ந்தால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைக்கும். விறைத்த தோலை மடக்கினால் வெடிக்கும். வாலின் மடிப்புகளில்தான் வெடிப்பு முதலில் தோன்றும். இரும்பு வளையத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதி கறுத்து நொறுங்கும். துவர்ப்புச் சத்தும் இரும்பும் கூடினால் கருமை உண்டாகித் தோல் வலுவிழக்கும் என்பது இயல்பு. இவற்றுக்கெல்லாம் மருந்து எண்ணெய். புங்கெண்ணெய், ஆமணக்கெண்ணெய் ஆகியவற்றைத் தோலில் தேய்த்து ஊட்டினார்கள். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. முற்றும் காய்ந்த தோலில் எண்ணெய் மேலோடு நிற்கும். சொட்டச் சொட்ட நனைந்த தோலில் எண்ணெய் புகாது. ஈரம் பாதி அடங்கிய பதத்தில், நிழலில் வைத்துத் தேய்த்தால், நீர் வெளியேற வெளியேற அந்த இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்ளும். வெயிலில் காயவைப்பது தோலைக் கொல்வதாகும்.

கிழிசலைத் தைப்பதற்கு நூல் உதவாது. நூல் நனைந்து இற்றுவிடும். தோலையே மெல்லிய வாராகக் கீறி, அந்த வாரால் தைத்தார்கள். நீரில் வாரும் தோலும் ஒன்றாக உப்புவதால் துளை அடைபட்டு ஒழுக்கு நின்றுவிடும். கணக்குப் பாடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வது போல ஒன்று சொல்வோம். 120 லிட்டர் கொள்ளும் பறியில் ஒரு சிறு பொத்தல் வழியாக ஒரு தடவைக்கு 10 லிட்டர் ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 தடவை இறைத்தால் 3,000 லிட்டர் வீண். அதாவது 25 தடவை காளைகள் வெறுமனே நடந்திருக்கின்றன. பறி அறுந்து கிணற்றில் விழுந்தாலோ, தைத்து முடியும் வரை பயிர் வாடும். ஆகவேதான் நம் முன்னோரை நள்ளிரவிலும் வந்து அழைத்தார்கள். அழைத்த முறையைப் பற்றி ஈண்டு எழுத வேண்டுவதில்லை.

இந்த உழைப்புக்குக் கிடைத்தது என்ன? மாதச் சம்பளம் கிடையாது. வேலைக்கு இவ்வளவு என்ற விலையும் கிடையாது. அறுவடையின்போது களத்தில் அளந்து தரும் சோளம், கம்பு, கேழ்வரகுதான் ஆண்டுக்கூலி. அதனோடு ஊரில் செத்த மாட்டின் தோல் நம்மவருக்கு உரியது என்னும் வழக்கம் இருந்தது. அந்தத் தோலைக் கொண்டே பறியும் வாரும் செருப்பும் செய்துதர வேண்டும். செத்த மாட்டைச் சுமப்பது கட்டாயம்; அதனைச் சுமந்தவர் என்பதே இழிவுக்குக் காரணம்; அந்த இழிவே குறைந்த கூலிக்கு நியாயம். மூன்று முடிச்சும் ஒரே கயிற்றில் போடப்பட்டவை. தொழிலின் நுட்பத்தை நாம் எவ்வளவு பாராட்டினாலும் இந்தக் கட்டை மறந்து பாராட்டுதல் தகாது. பழைய தொழில் போயிற்றே என்று கண்ணீர் விடுவோரைக் காணும்போது, அவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து கவலையைப் பார்த்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பல தோட்டங்களில் இறைவைக் கிணறே குடிநீர்க் கிணறும் ஆகும். பறியிலிருந்து தொட்டியில் கொட்டும் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுசென்றார்கள். நம்மவர் கைபட்டுப் பதனிட்ட தோல், நம்மவர் கைபட்டுத் தைத்த தோல், நாள்தோறும் அந்தக் கிணற்றில் மூழ்கி எழுந்தது. அதில் தீட்டு இல்லை. அதனைத் தைத்தவர் தாகத்துக்குக் கிணற்றில் இறங்கினால் மட்டும் தீட்டு! அவர் தொலைவில் நின்று, குவித்த கைகளில் பிறர் ஊற்றக் குடித்தார். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் அதனைக் குற்றமாக்கும் சட்டமும் வந்தது. கிணற்றங்கரைக்கு அந்தச் சட்டங்கள் வந்துசேரப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின.

இந்த முரண்பாடு நேற்றுத் தோன்றியதன்று. புறநானூற்றின் 82ஆம் பாட்டைத் தமிழாசிரியர்கள் பலரும் வகுப்பில் வேகமாகக் கடந்துவிடுவார்கள். சாத்தந்தையார் என்னும் புலவர், ஆமூர் மல்லனோடு சோழன் போர்வைக்கோப்பெருநற்கிள்ளி பொருத போரின் விரைவைச் சொல்ல வருகிறார். அதற்கு அவர் தேடிய உவமை வாரால் கட்டில் பின்னும் ஒருவரின் கை ஊசி. ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், வெளியே மழை, பொழுதோ சாய்கிறது. அந்த நெருக்கடியில் கட்டிலை முடிக்க விரையும் ஊசியைப் போல அரசனின் போர் விரைந்தது என்கிறார். ஓர் அரசனின் வீரத்துக்கு உவமையாகும் தகுதி அந்தக் கைக்கு இருந்தது. ஆயின் அந்தக் கைக்கு உரியவரைக் குறிக்க அதே பாட்டில் இழிவைச் சுட்டும் சொல்லே வருகிறது. மனைவி பேறுகாலத்தில் இருக்க, அன்றே கட்டிலை முடித்தாக வேண்டும் என்று அவரை விரட்டியது எது என்று எந்த உரையாசிரியரும் நின்று பேசியதாக நாம் கண்டதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறத் தொடங்கியது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோலுக்கு இங்கிலாந்தில் பெரும் சந்தை உண்டாயிற்று. திண்டுக்கல், ஈரோடு, வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய இடங்களில் தோல் மண்டிகளும் பதனிடும் சாலைகளும் பெருகின. தோலுக்கு விலை ஏறவே, ஊரில் செத்த மாட்டின் தோலும் வணிகர் கைக்குப் போகலாயிற்று. இழிவு நம்மிடமே தங்க, தோல் மட்டும் கப்பலேறிற்று. நல்ல தோல் வெளிநாடு சென்றபின், ஊர்ப் பறிக்கு எஞ்சியது கழிவுத் தோல்தான்.

சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் தலைவராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் இதனைக் கண்டார். ஆவாரம்பட்டைக்குப் பதிலாகக் குரோமிய உப்பைக் கொண்டு பதனிட்டால் தோல் நீரில் கரையாது, பறி நெடுநாள் உழைக்கும் என்று கருதி, 1903இல் அரசுச் செலவில் சோதனை தொடங்கினார். இந்தியாவில் குரோம் பதனிடும் தொழில் வேரூன்றியது இவ்வாறுதான். பூட்சுக்காகவோ கைப்பைக்காகவோ அன்றி, நம் ஊர்க் கவலைப் பறிக்காகத் தொடங்கப்பட்டது அது என்பதைப் பலர் அறியார். முயற்சி பலித்தது. பலித்ததே அதற்குப் பகையாயிற்று. அரசு தொழில் நடத்துவது தங்கள் வாணிபத்துக்கு இடையூறு என்று ஐரோப்பிய வணிகர்கள் முறையிட்டார்கள். 1910இல் இந்திய அமைச்சர் மார்லி பிரபு அரசின் இத்தகைய தொழில் முயற்சிகளை ஒப்பவில்லை. அதன்பின் அந்தத் தொழிற்சாலை ரீவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. (அதே சாட்டர்டன் எண்ணெய் எஞ்சினால் கிணறு இறைக்கும் முறையையும் பரப்பினார். ஒரு கையால் பறியை வலுப்படுத்தியவரே மறு கையால் அதன் முடிவுக்கும் வழி திறந்தார்.)

அந்த முடிவு மின்சாரத்தின் வடிவில் வந்தது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிக் கோவைப் பகுதிக்கு மின்சாரம் கொடுத்தது. முதலில் ஆலைகள், பின்னர் தோட்டங்கள். நாடு விடுதலை பெற்றபின் சிற்றூர்களுக்கு மின்கம்பிகள் நீண்டன. மோட்டார் வாங்க உழவர்களுக்குக் கடன் கிடைத்தது. ஒவ்வொரு தோட்டமாகக் கவலை நின்றது. உருளையும் மரச்சட்டமும் விறகாயின. காளையை விற்றவருக்கு விலை கிடைத்தது. பறி தைத்தவருக்கோ, அடுத்த அறுவடையில் களத்துக்குச் சென்றபோது அளந்து கொட்டத் தானியம் இல்லை என்ற பதில்தான் கிடைத்தது. மானியம், கடன், மாற்றுத்தொழிற் பயிற்சி என்ற பேச்சு எழவில்லை. பலர் பண்ணைக் கூலிகளானார்கள். சிலர் நகரத்துச் சாலையோரத்தில் செருப்புத் தைக்க அமர்ந்தார்கள். வேறு பலரை நகராட்சிகளின் துப்புரவு வேலை இழுத்துக்கொண்டது.

கைத்தொழில் இறங்கிய அதே காலத்தில் அதன் அறிவியல் ஏறுமுகமாயிற்று. 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் தோல் தொழில்நுட்பம் பட்டப் படிப்பாயிற்று; 1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. நம் பிள்ளைகள் அங்கே போகலாகாது, மீண்டும் தோலா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். அவர்களது கசப்பு நமக்குப் புரிகிறது. எனினும் கட்டாயத்தால் செய்த வேலையும், மதிப்பெண் பெற்று, விரும்பித் தேர்ந்து, சம்பளத்துக்குச் செய்யும் வேலையும் ஒன்றல்ல. இடஒதுக்கீட்டில் 2009 முதல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடும் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றுக்கொண்டது.

தோல்பை தோளில் தொங்கும் இளைஞர்களுக்கு ஒரு சொல். கடைகளில் விற்பவை பெரும்பாலும் குரோம் பதனிட்டவை. அவற்றுக்கு எண்ணெய் மிகக் குறைவாகவே வேண்டும். பட்டையால் பதனிட்ட பையாயின், பறிக்குச் சொன்ன முறையே இதற்கும் பொருந்தும். மழையில் நனைந்தால் துணியால் ஒற்றி, வெயிலும் அடுப்பும் படாமல் நிழலில் ஆறவிட்டு, ஈரம் அடங்கும் பதத்தில் ஆமணக்கெண்ணெயை மெல்லிதாகத் தடவுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மூடிய பீரோவில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

கவலைப் பறி தைத்தவர்கள் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எண்பது வயதைத் தாண்டியவர்கள். அவரவர் ஊர்ப் பெரியவரிடம் சென்று, பறியின் உறுப்புகளுக்கு என்ன பெயர் வழங்கிற்று, எந்த எண்ணெயை எந்த மாதத்தில் ஊட்டினார்கள், ஆண்டுக்கு எத்தனை வள்ளம் தானியம் பெற்றார்கள், கடைசிப் பறியை எந்தத் தோட்டத்துக்குத் தைத்தார்கள் என்பவற்றைக் கேட்டு, ஊர்ப் பெயரும் நாளும் இட்டு எழுதி நம் சங்க அலுவலகத்தில் சேர்ப்பியுங்கள். பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் எழுதினாலும் போதும். படி எடுத்து ஒழுங்குபடுத்தும் வேலையை நாம் பார்த்துக்கொள்வோம்.