பாரிசில் ஒரு மூளைச் சொற்பொழிவு

1665-ஆம் ஆண்டு. பாரிஸ் மாநகரில் மெல்கிசெதேக் தெவனோ என்னும் செல்வரின் இல்லத்தில் கற்றறிந்தோர் பலர் கூடியிருந்தனர். மனித மூளையைப் பற்றி அன்று உரையாற்ற வந்தவர் டென்மார்க் நாட்டு இளைஞர், வயது 27. ஆட்டுத் தலையொன்றை அறுத்துப் பார்த்து, கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வாய்க்குள் செல்லும் குழாயைக் கண்டறிந்தவர். இதயம் உயிர்வெப்பத்தின் உறைவிடமென்று உலகம் நம்பியிருந்த காலத்தில், அது தசையே அன்றி வேறில்லை எனத் துணிந்து கூறியவர். இத்தகையவர் மூளையின் மறைபொருளையும் திறந்து காட்டுவார் என்று அவையோர் ஆவலோடு காத்திருந்தனர்.

அவர் எழுந்து நின்று முதலில் சொன்ன செய்தி, மூளையைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்பதே.

நீல்ஸ் ஸ்டென்சன் என்பது அவர் பெயர். லத்தீன் வழக்கில் நிக்கோலாஸ் ஸ்டீனோ. கோப்பன்ஹேகன் நகரில் பொற்கொல்லர் ஒருவரின் மகனாக 1638-இல் பிறந்தவர். லூத்தரன் சபையில் வளர்ந்து, பின்னாளில் கத்தோலிக்கராகி, குருவாகி, ஆயராகி, 1988-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவர்களால் முத்திப்பேறு பெற்றோர் வரிசையில் சேர்க்கப்பட்டவர். நிலவியலாளர்கள் அவரைத் தங்கள் கலையின் தந்தையருள் ஒருவராகக் கொண்டாடுகின்றனர். மறைமாவட்டங்களில் அவர் ஏழைகளின் ஆயராக நினைவுகூரப்படுகிறார். இவ்விரு புகழுக்கும் நடுவே அந்தப் பாரிஸ் உரை சற்று மறைந்தே போயிற்று. அந்த உரையைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம்.

அவர் அன்று எதை மறுத்தார் என்பது விளங்க வேண்டுமாயின், மூளையைப் பற்றி அதற்கு முன் இருந்த நம்பிக்கைகளை நாம் அறிய வேண்டும். சிரியா நாட்டில் இன்று ஹோம்ஸ் எனப்படும் எமேசா நகரில், 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெமேசியுஸ் என்றோர் ஆயர் இருந்தார். மனிதனின் இயல்பைப் பற்றி அவர் நூலொன்று எழுதினார். மூளைக்குள் நீர் நிறைந்த அறைகள் சில உண்டு. முன்னறைகளில் கற்பனையும் புலனறிவும், நடுவறையில் பகுத்தறிவும், பின்னறையில் நினைவாற்றலும் குடிகொண்டுள்ளன என்பது அவர் கொள்கை. தலையில் காயமுற்றோர் எந்தெந்த ஆற்றலை இழந்தனர் என்பதையே அவர் அதற்குச் சான்றாகக் காட்டினார்; ஆகவே அதனை வெறுங்கற்பனை என்று தள்ளிவிட முடியாது. எனினும், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அக்கொள்கை ஏட்டிலிருந்து ஏட்டுக்கு நகர்ந்ததே தவிர, திறந்து பார்த்துச் சரிபார்த்தோர் மிகச் சிலர். ஓவியர் லியோனார்டோ டா வின்சி எருதின் மூளைக்குள் உருக்கிய மெழுகைச் செலுத்தி அந்த அறைகளின் உண்மையான வடிவத்தை வார்த்தெடுத்தார். 1543-இல் வெசாலியுஸ், பகுத்தறிவில்லாத விலங்குகளுக்கும் இதே அறைகள் இருக்கின்றனவே என்று எடுத்துக்காட்டினார்.

திருச்சபை உடலறுப்பைத் தடை செய்தது என்று பள்ளிப் புத்தகங்களும் மேடைப் பேச்சாளர்களும் சொல்லக் கேட்டிருப்போம். 1299-இல் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் கண்டித்தது, தொலைநாட்டில் இறந்தோரின் உடலைத் துண்டித்துக் கொதிக்க வைத்து எலும்புகளை மட்டும் ஊருக்கு அனுப்பும் வழக்கத்தை. அதன்பின் 20 ஆண்டுகள் கூடச் செல்லுமுன்னே, பொலோஞ்ஞா நகரில் மொந்தினோ மனித உடலை அறுத்து மாணவருக்குக் காட்டி நூலும் எழுதிவிட்டார்.

ஸ்டீனோ பேச எழுந்தபோது அறிஞருலகில் இரு பெயர்கள் ஓங்கி ஒலித்தன. ஒருவர் பிரெஞ்சு மெய்யியலார் தெக்கார்த்து. அவர் 1650-இலேயே மறைந்துவிட்டார். ஆயினும் மனிதனைப் பற்றிய அவரது நூல் அப்போதுதான் வெளிவந்திருந்தது. மூளையின் நடுவே, பட்டாணிக் கடலை அளவிலும் சிறியதாக, கூம்புச் சுரப்பி என்றொன்று உண்டு. மூளையில் மற்ற உறுப்புகள் இணை இணையாக இருக்க, இது மட்டும் தனித்திருப்பதால், ஆன்மா உடலோடு உறவாடும் இடம் இதுவே என்றார் தெக்கார்த்து. அச்சுரப்பி அப்புறமும் இப்புறமும் சாய்ந்து, நரம்புக் குழாய்களுக்குள் உயிராவிகளை ஏவிவிடுகிறதாம். மற்றவர் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ். 1664-இல் வெளியான அவரது மூளை உடற்கூற்று நூலுக்குப் படங்கள் வரைந்தவர், பின்னாளில் லண்டன் தூய பவுல் பேராலயத்தை எழுப்பிய கிறிஸ்டோபர் ரென். மூளையின் அடிப்புறத்தில் வளையமாகச் செல்லும் குருதி நாளங்கள் இன்றும் வில்லிஸின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஆனால் அவரும் பொதுப்புலனை ஓரிடத்திலும், கற்பனையை வேறோரிடத்திலும், நினைவை மற்றோரிடத்திலும் சான்றின்றிக் குடியமர்த்திவிட்டார்.

ஸ்டீனோ இருவரையும் மதிப்புக் குறையாமலே மறுத்தார். தெக்கார்த்து தம் மனத்தில் அமைத்த ஓர் இயந்திரத்தையே விவரித்தார். அதனை உண்மை மனிதன் என்று கொள்வோரிடமே குற்றம் உள்ளது என்றார். பின்பு சுரப்பியைக் கையிலெடுத்துக் காட்டக்கூடிய செய்திக்கு வந்தார்: அது சுற்றிலும் மூளைப்பொருளோடு ஒட்டியிருக்கிறது, சாயவும் அசையவும் அதற்கு இடமே இல்லை. ஆன்மா இல்லையென்று அவர் சொல்லவில்லை. அதன் இருக்கையை ஒரு சுரப்பியில் போட்டுவைக்க ஆதாரமில்லை என்றே சொன்னார். பிற்காலத்தில் ஆயர் பதவியில் அமரவிருந்த ஒருவர், ஆன்மாவுக்கு வசதியாகக் கிடைத்த ஒரு சான்றைப் பொய்யென்று தள்ளிவிட்டது எண்ணிப் பார்க்கத் தக்கது.

அவர் உரையின் மிகச் செறிவான பகுதி, மூளையின் படங்களைப் பற்றியது. உயிர் நீங்கிய உடலிலிருந்து எடுத்த மூளை, கட்டித்தயிர் போலக் குழைவானது. இன்று நாம் கண்ணாடிக் குடுவையில் காணும் இறுகிய மூளை, 1893-க்குப் பின் வழக்கத்துக்கு வந்த பார்மலின் கரைசலின் விளைவு. ஸ்டீனோவின் காலத்தில் அத்தகைய வசதி ஏதும் இல்லை. கத்தி பட்டவுடன் உருக்குலையும் பொருளை, அறுப்பவர் தம் கருத்துக்கு ஏற்றவாறு இழுத்தும் விரித்தும் வைக்க, ஓவியர் அதனையே வரைந்துவிடுகிறார். அறைகள் படத்தில் பெரிதாவதும் சிறிதாவதும் அறுப்பவரின் கையைப் பொறுத்தது. வில்லிஸின் படங்களே அதுவரை வந்தவற்றுள் சிறந்தவை என்று பாராட்டிவிட்டு, அவற்றிலும் பிழைகள் நிறைந்திருப்பதை அவர் ஒவ்வொன்றாகச் சுட்டினார்.

அப்படியானால் செய்ய வேண்டியது யாது? மூளையின் வெளிப்புறத்தில் சாம்பல் நிறப்பொருள் படிந்திருக்கிறது, உட்புறம் வெண்ணிறமானது. அந்த வெண்பொருள் மெழுகு போன்ற ஒரே கட்டியன்று, எண்ணற்ற இழைகளின் தொகுதி என்று ஸ்டீனோ கருதினார். அவ்விழைகள் எங்கே தொடங்கி எவ்வழியே சென்று எங்கே முடிகின்றன என்று தொடர்ந்து செல்வதே மூளையை அறுக்கும் உண்மையான முறை என்றார். உடனே அது மிகக் கடினம் என்பதையும் ஒப்புக்கொண்டார். தொட்டால் அறுந்துபோகும் இழைகளை எப்படித் தொடர்வது?

இந்தக் கேள்விக்கு விடை காண மனிதகுலத்துக்கு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் பிடித்தன. 1873-இல் இத்தாலியர் கோல்ஜி, வெள்ளி உப்பினால் ஒருசில நரம்பணுக்களை மட்டும் கருமையாகச் சாயமேற்றும் வழியைக் கண்டார். அதனைக் கைக்கொண்ட ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால், ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி உயிரணுவே என்று நிறுவினார். கோல்ஜி அதனைக் கடைசிவரை ஏற்கவில்லை. 1906-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோதும் மேடையிலேயே எதிரெதிர்க் கருத்துகளை உரைத்தனர். 1930-களில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் கிளிங்லர் என்பவர், பார்மலினில் இறுகிய மூளையை உறையவைத்துப் பிறகு உருகவிட்டார். பனித்துகள்கள் இழைகளுக்கிடையே புகுந்து அவற்றை மெல்லப் பிரித்துவிட, கற்றை கற்றையாக உரித்தெடுக்க முடிந்தது. ஸ்டீனோ விரும்பிய அறுவை முறை ஒருவாறு கைகூடிய நாள் அதுவே எனலாம்.

இவையெல்லாம் இறந்தோரின் மூளை. உயிரோடிருப்பவரின் மூளையைக் காண்பது வேறு கதை. துன்பம் நிறைந்த கதையும்கூட. 1895-இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர்கள் மண்டையோட்டைக் காட்டினவே தவிர உள்ளிருக்கும் மூளையைக் காட்டவில்லை. 1918-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்ட்டர் டேண்டி, மண்டையில் துளையிட்டு மூளை அறைகளுக்குள் காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். அடுத்த ஆண்டே முதுகுத்தண்டின் வழியாகவும் காற்றேற்றினார். நெமேசியுஸ் ஆயர் பகுத்தறிவைக் குடியிருத்திய அதே அறைகள் காற்று நிறைந்து படத்தில் தெரிந்தன. அறை ஒருபுறம் ஒதுங்கியிருந்தால் மறுபுறம் கட்டி இருக்கிறது என்று ஊகிப்பர். நோயாளியின் பாடு சொல்லி மாளாது. கடுந்தலைவலியும் வாந்தியும் அவரைப் பல நாள் வாட்டும். வேறு வழியில்லாமையால் அரை நூற்றாண்டுக்கு மேல் அம்முறையே நீடித்தது.

1927-இல் லிஸ்பன் நகர மருத்துவர் எகாஸ் மோனிஸ், கழுத்து நாளத்தில் மருந்தைச் செலுத்தி மூளையின் குருதி நாளங்களைப் படத்தில் காட்டினார். பயன்மிக்க கண்டுபிடிப்பு, இன்றும் அதன் வழிவந்த முறை எத்தனையோ உயிர்களைக் காக்கிறது. ஆனால் அதே மோனிஸ் 1935-இல் மனநோயாளரின் மூளை முன்மடல் இழைகளை வெட்டிவிடும் அறுவையைத் தொடங்கினார். தவறான எண்ணங்கள் அவ்விழைகளில் நிலைத்து நின்றுவிடுகின்றன, வெட்டினால் விடுதலை கிடைக்கும் என்பது அவர் கொள்கை. சான்று சொற்பம், உறுதியோ அளவற்றது. 1949-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பல நாடுகளில் பல்லாயிரம் பேர் இவ்வறுவைக்கு ஆளாயினர். உணர்ச்சியும் முனைப்பும் வற்றி, தம் மக்களையே வெறுமையாய் நோக்கும் நடைப்பிணங்களாய் வீடு திரும்பியோர் அவர்களுள் பலர். தமக்குத் தெரியாது என்று சொல்லத் தயங்கும் அறிவு, அடுத்தவரின் தலையை எப்படித் தொடும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் இதைவிடக் கொடிய சான்றை நாம் அறியோம். ஸ்டீனோவின் உரையைப் படித்துவிட்டு இப்பக்கத்தைப் படிப்போருக்கு நெஞ்சு கனக்கும்.

1971 அக்டோபர் 1-ஆம் நாள் லண்டன் விம்பிள்டன் பகுதியில் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், மூளைக்கட்டி இருக்கலாமென ஐயுற்ற ஒரு பெண்மணி, காற்றும் ஊசியும் இன்றிப் படுத்திருந்தார். காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் அமைத்த கருவி அவர் தலையைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து எக்ஸ் கதிர்களைச் செலுத்தியது. ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் உட்கவரப்பட்டது என்பதைக் கொண்டு கணிப்பொறி ஒரு குறுக்குவெட்டுப் படத்தைக் கட்டியெழுப்பியது. முன்மடலில் கட்டி தெரிந்தது. இன்று சிற்றூர் மக்களும் 'ஸ்கேன்' என்று வழங்கும் சி.டி. ஸ்கேனின் தொடக்கம் அதுவே. காந்தப்புலத்தையும் உடலின் நீரையும் பயன்படுத்தும் எம்.ஆர்.ஐ. முறைக்கு 1973-இல் லாட்டர்பர் வழி திறந்தார்.

1994-இல் பீட்டர் பாஸர் முதலானோர் எம்.ஆர்.ஐ. கருவியைக் கொண்டே புதியதொன்று செய்தனர். மூளையிலுள்ள நீர்த்துகள்கள் ஓயாது அசைகின்றன. நரம்பிழையின் நெடுக்கில் அவை எளிதாய் ஓடும்; குறுக்கே அவ்வளவு எளிதாய் ஓட முடியாது. ஆகவே நீர் எத்திசையில் எளிதாய் ஓடுகிறது என்று அளந்தால், இழை எத்திசையில் செல்கிறது என்று கணிக்கலாம். கத்தியின்றி, உயிருள்ள மூளையில், இழையின் வழியே தொடர்ந்து செல்லும் முறை! ஸ்டீனோ கேட்டதும் இதுதான். வண்ண வண்ணக் கற்றைகளாய் அப்படங்கள் வெளிவந்தபோது காண்போர் வியந்தனர்.

ஆயினும் படத்தைப் பற்றிய அவரது எச்சரிக்கை இன்னும் பழசாகவில்லை. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், இழைகளின் உண்மையான போக்கு முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட தரவு ஒன்று 20 குழுக்களிடம் தரப்பட்டது. இருக்கும் கற்றைகளுள் பெரும்பாலானவற்றை அவர்கள் கண்டுகொண்டனர். கூடவே, இல்லாத கற்றைகளை அதைவிட மிகுதியாக வரைந்துவிட்டனர். இழைகள் ஒன்றையொன்று கடக்கும் சந்தியில் கணிப்பொறி வழி தவறிவிடுகிறது. 2009-இல் வெளியான ஒரு சோதனையில், அமெரிக்க ஆய்வாளர் சிலர், செத்த சால்மன் மீனொன்றைக் கருவிக்குள் கிடத்தி, உணர்ச்சி தோய்ந்த சூழல்களில் மனிதரைக் காட்டும் படங்களை அதற்குக் காட்டினர். வழக்கமான கணக்கீட்டைத் திருத்தமின்றிச் செய்தபோது, மீனின் மூளையில் செயல்பாட்டுப் புள்ளிகள் ஒளிர்ந்தன! கருவி பழுதன்று; ஆயிரமாயிரம் புள்ளிகளை ஒருசேரச் சோதிக்கையில் தற்செயலாய்ச் சில ஒளிரத்தான் செய்யும். அதனைக் கழித்துப் பார்க்கும் பொறுமை வேண்டுமென்று காட்டவே அவர்கள் அம்முடிவை வெளியிட்டனர்.

ஸ்டீனோவின் எஞ்சிய வாழ்வைச் சுருங்கச் சொல்வோம். பாரிசிலிருந்து புளோரன்ஸ் சென்றார். 1666-இல் லிவோர்னோ நகரில் நற்கருணைப் பவனியைக் கண்டது அவர் உள்ளத்தை அசைத்தது, 1667-இல் கத்தோலிக்கரானார். 1675-இல் குருவானார். 1677-இல் ஆயராகி வடஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். அங்கு ஹனோவரில் அவரோடு பழகிய மெய்யியலார் லைப்னிட்ஸ், சிறந்த அறிவியலாளர் ஒருவர் சாதாரண இறையியலாளராகிவிட்டாரே என்று பின்னர் எழுதினார். அந்தக் குறையில் பாதி உண்மை உண்டு என்றே நமக்குத் தோன்றுகிறது. இறையியல் நூல்களில் அவர் பெயர் பெரிதாய் நிலைக்கவில்லை. ஆனால் மூன்ஸ்டரில் ஆயர் தேர்தலுக்குப் பணம் கைமாறியதைக் கண்டித்து 1683-இல் பதவியைத் துறந்து வெளியேறியதும், உடைமைகளை ஏழைகளுக்கு ஈந்துவிட்டு நைந்த அங்கியோடு அலைந்ததும், லைப்னிட்ஸின் அளவுகோலில் அடங்காதவை. 1686-இல் ஷ்வெரின் நகரில், 48-ஆம் வயதில், கடும் வயிற்று வலியில் இறந்தார். உடல் புளோரன்சுக்குக் கொண்டுவரப்பட்டுத் தூய லொரேன்சோ ஆலயத்தில் அடக்கம் பெற்றது.

பாரிஸ் உரை 1669-இல் சிறுநூலாக அச்சேறியது. 1732-இல் அவருடைய வழிவந்த உறவினரும், அவரைப் போலவே கத்தோலிக்கரானவருமான உடற்கூற்று அறிஞர் வின்ஸ்லோ, தம் பெருநூலுக்குள் அதனை முழுமையாகச் சேர்த்துப் பதிப்பித்தார். மருத்துவ மாணவர் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற நூல் அது. மூளையைப் பற்றிய பாடத்தைத் தேடி அதனைத் திறந்தவர்கள், தமக்கு ஒன்றும் தெரியாது என்று தொடங்கிய அந்த உரையையும் சேர்த்தே படித்தார்கள்.