ஒரு தேதியின் இரு கரைகள்

டென்மார்க் என்றதும், ஈழத்தமிழர் தஞ்சம் புகுந்த நாடுகளுள் ஒன்று என்பதே நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். 1987இல் தமிழ் அகதிகளின் குடும்பத்தினர் வந்து சேர்வதைச் சட்டத்துக்குப் புறம்பாகத் தடுத்துவைத்தார் அந்நாட்டு நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன். அவ்விவகாரத்தால் 1993 ஜனவரியில் பவுல் ஷ்லூட்டரின் அரசே பதவி விலக நேர்ந்தது. அகதிக்கு இழைத்த அநீதிக்காக ஆட்சியே கவிழ்ந்த நாடு, பத்தாண்டு நிறையுமுன் அகதியின் கஞ்சிக்கலத்தைச் சட்டப்படியே சிறிதாக்கியது. நாம் பேச வந்தது இந்த இரண்டாவது செய்தியை.

2001 நவம்பரில் ஆண்டர்ஸ் ஃபோ ராஸ்முசன் ஆட்சிக்கு வந்தார். குடியேற்றத்தை எதிர்த்த டேனிஷ் மக்கள் கட்சியின் ஆதரவில் நின்ற அரசு அது. கடந்த எட்டு ஆண்டுகளுள் ஏழாண்டு நாட்டில் வசித்திராதவருக்கு வழக்கமான வாழ்வாதாரத் தொகை கிடையாது, 'தொடக்க உதவி' என்னும் குறைந்த தொகையே உண்டு என்று அவ்வரசு விதித்தது. டேனியருக்கும் பொதுவான விதி என்று சொல்லப்பட்டாலும், அது யார் தலையில் விழும் என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர். 2002 ஜூலை 1க்கு முன் வசிப்புரிமை பெற்ற அகதிக்குப் பழைய தொகை. அதற்குப் பின் பெற்றவருக்கு ஏறத்தாழப் பாதி. ஒரே போரிலிருந்து தப்பி வந்தவர்கள்கூட, கோப்பில் முத்திரை விழுந்த நாளால் இரு வகையாயினர்.

இந்தக் கோட்டின் இருபுறத்தாரையும் லார்ஸ் ஆண்டர்சன், கிறிஸ்டியன் டஸ்ட்மன், ராஸ்முஸ் லாண்டர்சே ஆகிய ஆய்வாளர்கள் பல்லாண்டு தொடர்ந்து ஒப்பிட்டனர். தொகையைக் குறைத்தால் வேலைக்குப் போவார்கள் என்ற அரசின் கணக்கு முற்றிலும் பொய்க்கவில்லை. இதை மறைப்பது நேர்மையாகாது. முதலில் வேலையில் சேர்ந்தோர் தொகை விரைவாகவே உயர்ந்தது. ஆனால் அந்த ஏற்றம் நிலைக்கவில்லை; சில ஆண்டுகளில் கரைந்தது. பெண்களில் கணிசமானோர் உழைப்புச் சந்தையை விட்டே விலகினர். பெரும்பாலான குடும்பங்களின் கைக்கு வந்த வருமானம் மட்டும் வீழ்ந்தபடியே கிடந்தது.

திருட்டும் கூடியது, ஆண்களிடம் மட்டுமன்றிப் பெண்களிடமும். கடையில் பொருளெடுத்து அகப்பட்டோர் அதில் மிகுதி. இரவு, இரவச்சம் என்னும் அடுத்தடுத்த இரு குறள் அதிகாரங்களை வகுப்பில் நடத்தும்போது இரப்பவரின் நாணத்தைப் பற்றி நாம் நிறையச் சொல்கிறோம். இரந்தாலும் போதாதபோது என்ன நிகழும் என்ற கேள்வியை எந்த மாணவரும் நம்மிடம் கேட்டதில்லை. நாமும் எழுப்பியதில்லை.

நம்மை மிகவும் வருத்துவது பிள்ளைகளின் கணக்கு. கோட்டுக்கு அப்பால் விழுந்த குடும்பத்துக் குழந்தைகள் மொழித்தேர்வில் பின்தங்கினர். கல்வியில் கழித்த ஆண்டுகள் குறைந்தன. பதின்பருவத்தில் குற்ற வழக்குகள் கூடின. சோம்பலைப் போக்கவென்று பெற்றோர்மீது ஓங்கிய கோல், வேலைக்குப் போகும் வயதே எட்டாதவர்மீதும் விழுந்தது.

2012இல் ஹெல்லே தோர்னிங்-ஷ்மிட் அரசு தொடக்க உதவியை ஒழித்தது. சிரியப் போரினால் அகதிகள் பெருகிய 2015இன் செப்டம்பரில், 'ஒருங்கிணைப்புத் தொகை' என்ற பெயரில் குறைந்த தொகை மீண்டும் வந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெயர் மறுபடியும் மாறியது. 'தற்சார்பு மற்றும் தாயகம் திரும்பும் உதவித்தொகை' என்பது அப்போது இடப்பட்ட பெயர்.