லிட்டில் லீக்: சிறுவர் பேஸ்பாலின் வரவு செலவு

லிட்டில் லீக், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போர்ட் ஊரில் 1939-இல் தொடங்கிய, லாபநோக்கற்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பு.

1938-இல் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் உறவுக்காரச் சிறுவர்கள் இருவரோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தபோது லைலாக் புதரில் கால் தடுக்கிக்கொண்டார். பிள்ளைகளுக்கென்றே ஒரு லீக் நடத்தும் எண்ணம் அப்போது பிறந்ததாகச் சொல்வார்கள். ஆள் சேர்ப்பது எளிதாக இருந்தது. சீருடைக்குப் பணம் திரட்டத்தான் அவர் படாதபாடு பட்டார். பொருளாதாரப் பெருமந்தத்தின் அடி இன்னும் ஆறாத காலம். ஐம்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கையை விரித்தன. கடைசியில் லைகாமிங் டெய்ரி என்ற பால் நிறுவனம் 30 டாலர் சொச்சம் கொடுத்தது. மர வியாபாரம் செய்த லண்டி லம்பரும், ஜம்போ பிரெட்சல் என்ற தின்பண்ட நிறுவனமும் அதைப் பின்பற்றின.

காசு கொடுத்தவர் பெயரே அணியின் பெயரானது. 1939 ஜூன் 6 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் லண்டி லம்பர் பிள்ளைகள் 23-8 என்ற கணக்கில் லைகாமிங் டெய்ரியை வென்றார்கள். ஸ்டாட்ஸும் பெபிள் என்ற சகோதரர்கள் இருவரும் ஆளுக்கோர் அணியைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த லீக்கின் மிகப் பெரிய வரவு அதுதான். எந்தக் கணக்கேட்டிலும் அது ஏறவில்லை.

உள்ளூர்க் கடைக்காரர்களை நம்பியிருந்தவரை லீக் ஊர்க்காரர்கள் கையில் இருந்தது. 1948-இல் யு.எஸ். ரப்பர் கம்பெனி முதல் பெரு நிறுவனப் புரவலராக வந்து, அந்த ஆண்டின் இறுதிப் போட்டிக்கு வந்த அணிகளுக்குக் காலணி வழங்கியது. பணத்தின் பின்னால் அதிகாரமும் இடம் மாறியது. 1952-இல் அதே கம்பெனியைச் சேர்ந்த பீட்டர் மெக்கவர்ன் லிட்டில் லீக்கின் தலைவரானார். பிள்ளைகள் விளையாட்டு வியாபாரமாகிறது என்று மனம் நொந்த ஸ்டாட்ஸ் 1955-இல் வழக்குத் தொடுத்தார்; சமரசத்துக்குப் பின் அமைப்பைவிட்டு விலகி, வில்லியம்ஸ்போர்ட்டிலேயே தனி லீக் நடத்தினார். அவருடைய கவலை நியாயமானது. ஆனாலும் வளர்ச்சி நிற்கவில்லை. 1964-இல் அமெரிக்க நாடாளுமன்றம் லிட்டில் லீக்குக்குக் கூட்டாட்சி சாசனம் அளித்தது.

இன்று தலைமையகத்துக்குத் தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமையும் பெரு நிறுவன ஆதரவும் முக்கிய வருவாய். உள்ளூர் லீக்குகள் பதிவுக் கட்டணம், கடைக்காரர் நன்கொடை, மைதானத்துத் தின்பண்டக் கடை ஆகியவற்றால் நடக்கின்றன. கட்டணம் கட்ட முடியாத பிள்ளையை ஆடவிடாமல் தடுக்கக் கூடாது என்பது விதி.